கைத்திறனும் சொல்திறனும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)

 

பத்தாண்டுகளாகச் சொல்லைப் போற்றிவரும் ஓர் அவையில் அறுவை மருத்துவர்க்கான பயிற்சி குறித்துப் பேசுவது பொருந்துமா என்னும் ஐயம் எழலாம். ‘அறுவை’ என்னும் சொல்லுக்குச் சென்னைத் தமிழில் வேறொரு பொருளும் உண்டு. மேடைப் பேச்சுகளைக் கேட்டுப் பழகிய இவ்வவை அதனை நன்கறியும். அந்த அறுவைக்கு மயக்க மருந்து இல்லை. ஆகவே உரை அளவோடு அமையும்.

பொருத்தத்தைத் திருநீர்மலையே காட்டுகிறது. திருமால் நான்கு கோலங்களில் காட்சி தரும் தலம் இது. அடிவாரத்தில் நீர்வண்ணர் நிற்கின்றார். மலைமேல் நரசிம்மர் வீற்றிருக்கின்றார். அரங்கநாதர் பள்ளி கொண்டிருக்கின்றார். உலகளந்த பெருமான் அடியெடுத்து வைக்கின்றார். அறுவை முடிந்த நோயாளி கடந்து வரவேண்டிய நிலைகளும் இந்நான்கே. கிடப்பவர் எழுந்து உட்கார வேண்டும். உட்கார்ந்தவர் நிற்க வேண்டும். நின்றவர் நடக்க வேண்டும். வயிற்றில் தையலோடு கிடக்கும் மூதாட்டி அசைய அஞ்சுகிறாள். அசைந்தால் தையல் பிரிந்துவிடும் என்பது அவள் அச்சம். அசையாமல் கிடந்தாலோ நெஞ்சில் சளி தேங்கும். காலில் குருதி உறையும். கத்தி தன் பணியை முடித்துவிட்டது. இனி அவளை எழுப்பி நடக்க வைப்பது சொல்தான். அந்தச் சொல்லைச் சொல்லத் தெரிந்தவரே முழுமையான அறுவை மருத்துவர். கைத்திறனைக் கற்பிப்பது போலவே சொல்திறனையும் கற்பிக்க இயலுமா, கற்பிக்க வேண்டுமா என்பதே இவ்வுரையின் பொருள்.

கை கற்கும் விதம்

அறுவைத் தொழிலை எவ்வாறு பழகுவது என்பதற்கு இந்நாட்டில் மிகப் பழைய பாடத்திட்டம் ஒன்று உண்டு. சுசுருத சங்கிதையின் சூத்திர தானத்தில் ஓர் இயல் முழுவதும் கைப்பயிற்சிக்கே ஒதுக்கப்பட்டுள்ளது. வெட்டுதலைப் பூசணி, சுரை, வெள்ளரி முதலிய காய்களில் பழக வேண்டும். கீறுதலை நீர் நிறைத்த தோற்பைகளில் பழக வேண்டும். நாளம் துளைத்தலை இறந்த விலங்கின் நரம்பிலும் தாமரைத் தண்டிலும், உள்ளே தங்கியதை எடுத்தலைப் பலாச்சுளையிலும் வில்வக் கனியிலும், கட்டுக் கட்டுதலை மண்ணாற் செய்த மனித உருவிலும் பழக வேண்டும். தையலுக்குச் சொல்லப்பட்டவை இரண்டு: தடித்த துணியின் விளிம்பு, மென்மையான தோலின் விளிம்பு.

இப்பகுதி மக்களுக்கு இவ்விரண்டும் அயலானவை அல்ல. அருகிலுள்ள அனகாபுத்தூர் நெசவால் பெயர் பெற்ற ஊர். குரோம்பேட்டையோ, குரோமியம் கொண்டு தோல் பதனிட்ட தொழிற்சாலையால் பெயரே பெற்ற ஊர். துணியும் தோலும் அணியமாக இருந்த இவ்வட்டாரத்தில் சுசுருதரின் மாணவன் எவனும் தையலுக்குத் தவித்திருக்க மாட்டான்!

நூலறிவும் செயலறிவும் ஆகிய இரண்டில் ஒன்று மட்டுமே உடையவன் ஒற்றைச் சிறகுப் பறவை என்பதும் அந்நூலின் உவமை. இவ்வவையின் நோக்கில், சுசுருதர் காட்டிய பறவைக்குச் சொல் என்னும் வாலும் தேவை எனலாம். பறவை திசை திரும்ப வாலும் துணைசெய்கிறது.

மேலை நாட்டில் முறையான அறுவைப் பயிற்சியை வகுத்தவர் வில்லியம் ஆல்ஸ்டெட். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 1889இல் திறக்கப்பட்ட ஜான்ஸ் ஆப்கின்ஸ் மருத்துவமனையில், இளையவர் மருத்துவமனையிலேயே தங்கி, மூத்தவரின் கண்காணிப்பில், பொறுப்பைப் படிப்படியாக ஏற்கும் முறையை அவர் அமைத்தார். இன்று உலகெங்கும் நடைபெறும் அறுவைப் பட்டமேற்படிப்பின் வேர் அதுவே. ஒருமுறை பார்த்து, ஒருமுறை செய்து, ஒருமுறை கற்பித்துவிடு என்பது அம்முறையைச் சுருக்கிச் சொல்லும் வழக்கு.

வழக்கு அழகானதுதான். ஆனால் இரண்டாம் படியில், அதாவது முதன்முதலாகச் செய்யும்போது, கத்தியின் கீழ் யார் கிடக்கிறார்? இவ்வினாவை அவ்வழக்கு எழுப்புவதில்லை.

உடலைத் திறக்காமல் சிறு துளைகளின் வழியே பித்தப்பையை அகற்றும் முறை 1990இல் மும்பையில் இந்தியாவுக்கு அறிமுகமானது. அம்முறையைப் புதிதாகக் கற்ற மருத்துவர்களின் பட்டறிவு அமெரிக்காவில் ஆராயப்பட்டு 1995இல் வெளியாயிற்று. பித்தநாளம் காயமுறும் வாய்ப்பு, ஒரு மருத்துவரின் முதல் அறுவையில் நூற்றுக்கு 1.7 ஆகவும், ஐம்பதாவது அறுவையில் நூற்றுக்கு 0.17 ஆகவும் இருக்கும் என்று அவ்வாய்வு கணித்தது. ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு! நாற்பத்தொன்பது பேர் உடலில் பழகிய பழக்கம் ஐம்பதாவது ஆளைக் காக்கிறது. அந்த நாற்பத்தொன்பது பேருக்குச் சமுதாயம் கடன்பட்டிருக்கிறது. இந்நாட்டில் அவர்களுட் பெரும்பாலோர் எங்கே படுத்திருப்பர் என்பது அனைவரும் அறிந்தது. இளையோர் பயிலும் இடம் பெரிய அரசு மருத்துவமனை. அங்கே வருபவர் வேறு போக்கிடம் இல்லாத எளியவர்.

இதற்கு இரு தீர்வுகள் உண்டு. ஒன்று, சுசுருதர் காட்டிய வழி: முதலில் காயில் பழகுக, பின்னர் மேனியைத் தொடுக. இன்று பல பயிற்சிக்கூடங்களில் உள்ள பயிற்சிப் பெட்டியும் கணிப்பொறிப் பாவனைக் கருவியும் சுரைக்காயின் பேரப்பிள்ளைகளே. கனடாவின் டொராண்டோ நகரத்து ஆசிரியர்கள் 1990களில், மாணவனின் கைத்திறனை ஆசிரியரின் மனப்போக்குக்கு விடாமல், திசுவைக் கையாளும் மென்மை, அசைவின் சிக்கனம், கருவியறிவு எனக் கூறு கூறாக மதிப்பிடும் முறையை வகுத்தனர். யாப்பிலக்கணம் கற்பிக்கும் புலவர் எழுத்து, அசை, சீர், தளை எனத் தனித்தனியே திருத்துவது போன்றது அது.

இரண்டாம் தீர்வு நோயாளியிடம் உண்மையைச் சொல்லுதல். “இந்த அறுவையில் பயிற்சி மருத்துவரும் பங்கேற்பார், மூத்தவர் பக்கத்திலேயே நிற்பார்” என்னும் இரு தொடர்கள் போதும். இவ்விரு தொடர்களை நாணாமல், அஞ்சவைக்காமல் சொல்லப் பழகுவது ஒரு முடிச்சுப் போடப் பழகுவதைவிடக் கடினம்.

சொல்லால் நேரும் பிழை

கை பிழைத்தால் குருதி தெரியும். சொல் பிழைத்தால் எதுவும் தெரியாது. விளைவு மட்டுமே பின்னர்த் தெரியும். சில எடுத்துக்காட்டுகளைக் காணலாம்.

“நாளைக் காலையில் சாப்பிடாமல் வாங்கம்மா” என்கிறார் மருத்துவர். தமிழ்நாட்டில் சாப்பாடு என்றால் சோறு. இட்டலி சாப்பாடு ஆகாது, அது பலகாரம். தேநீரோ பலகாரமும் ஆகாது. அந்த அம்மையார் சோற்றைத் தொடவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார். பாலூற்றிய தேநீர் மட்டும் அருந்தி வந்திருக்கிறார். மயக்க நிலையில் வயிற்றிலுள்ளது மேலேறி நுரையீரலுக்குள் புகுந்தால் உயிருக்கே கேடு. உண்மையைச் சொன்னால் அறுவை ஒத்திப்போகும். சொல்லாவிட்டால் இடர் சூழும். இதில் பிழை அம்மையாரதா? ‘சாப்பாடு’ என்னும் சொல்லின் தமிழ்ப்பொருளை எண்ணாமல் பேசியவரதா?

‘பாசிட்டிவ்’ என்றால் மக்கள் வழக்கில் நல்லது. ஆய்வுக்கூட வழக்கிலோ, தேடிய நோய் இருக்கிறது என்பதே பொருள். ‘கட்டி’ என்னும் ஒரே சொல் சீழ்க்கட்டிக்கும் உரியது, கொழுப்புக் கட்டிக்கும் உரியது, புற்றுக்கும் உரியது. ‘எடுத்துவிடலாம்’ என்னும்போது கட்டியை மட்டுமா, உறுப்பையே சேர்த்தா? ‘ஒன்றும் இல்லை’ என்று மருத்துவர் ஆறுதலாகச் சொல்வது, இத்தனை நாள் பட்ட வலியைப் பொய்யென்று தள்ளுவதாகவும் நோயாளியின் காதில் விழும்.

மறுபுறம், நோயாளியின் தமிழில் பொதிந்துள்ள நுட்பம் மருத்துவரின் காதில் விழாமற் போவதும் உண்டு. வலியைக் குறிக்கத் தமிழில் எத்தனை சொற்கள்! குத்தல், குடைச்சல், கடுப்பு, எரிச்சல், உளைச்சல், பிடிப்பு, இழுப்பு. ‘விண்விண்ணென்று தெறிக்கிறது’ என்றால் உள்ளே சீழ் கோத்திருக்கலாம். ‘விட்டுவிட்டுச் சுருட்டிப் பிடிக்கிறது’ என்றால் குடலடைப்பை எண்ணவேண்டும். ‘தொப்புளைச் சுற்றி வலித்தது, இப்போது வலப்பக்கம் இறங்கிவிட்டது’ என்றால் குடல்வால் அழற்சியின் வரலாறு அதில் அடங்கியிருக்கிறது. இத்தனையையும் ‘வயிற்றுவலி’ என்று ஒரு சொல்லாக்கி ஏட்டில் எழுதும் மருத்துவர், கையிலிருந்த கருவி ஒன்றைக் கீழே போட்டவர் ஆகிறார்.

சொற்பிழை சட்டத்தின் முன்னும் நின்றதுண்டு. உள்நோக்கிக் கருவியால் சோதிக்க மட்டும் ஒப்புதல் தந்த ஒரு பெண், மயக்கத்தில் இருந்தபோது அவர்தம் தாயின் ஒப்புதலைப் பெற்றுக் கருப்பை அகற்றப்பட்ட வழக்கில், 2008 சனவரியில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. சோதனைக்குத் தந்த ஒப்புதல் அறுவைக்கு ஒப்புதல் ஆகாது; உயிருக்கு உடனடி இடர் இல்லாதபோது, தெளிந்த அறிவுடைய ஒருவருக்காகப் பிறர் ஒப்புதல் தர இயலாது; நோயின் தன்மை, சிகிச்சையின் நோக்கம், இடர், மாற்றுவழி ஆகியவற்றை அறிந்து தருவதே ஒப்புதல் என்பது அத்தீர்ப்பின் சாரம். படிவத்தில் பதிந்த கைரேகை அவ்வறிவுக்குச் சான்று ஆகுமா?

அறுவைக் கூடத்துக்குள்ளும் சொல் உயிர் காக்கும். உலக நலவாழ்வு நிறுவனம் 2008இல் பத்தொன்பது கூறுகள் கொண்ட பாதுகாப்புப் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. மயக்கம் தருமுன், தோலைக் கீறுமுன், நோயாளி கூடத்தை விட்டு நீங்குமுன் என மூன்று இடங்களில் குழுவினர் நின்று, வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்க்க வேண்டும். அதில் ஒரு கூறு, குழுவினர் ஒவ்வொருவரும் தம் பெயரையும் பணியையும் சொல்வது. நோயாளியின் பெயர் என்ன, எந்தப் பக்கம், என்ன அறுவை, பஞ்சும் ஊசியும் எண்ணிக்கையில் சரியா என்பன பிற. புதுதில்லி உட்பட எட்டு நகரங்களின் எட்டு மருத்துவமனைகளில் இதனைப் பின்பற்றியபின் இறப்பு நூற்றுக்கு 1.5இலிருந்து 0.8 ஆகக் குறைந்தது என 2009இல் வெளியான ஆய்வு தெரிவித்தது.

ஆனால் கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில் 101 மருத்துவமனைகளின் பட்டறிவைத் தொகுத்து 2014இல் வெளியான ஆய்வில் குறிப்பிடத்தக்க பயன் தென்படவில்லை. காரணம் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. படிவத்தில் குறியிடுவது வேறு, நின்று ஒருவரோடொருவர் பேசுவது வேறு என்பது ஒரு விளக்கம். அருச்சனையை மனப்பாடமாக ஒப்பிப்பதற்கும் உளமார வணங்குவதற்கும் உள்ள வேற்றுமையை இக்கோயிலூரில் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

மானிப்பாய் காட்டிய வழி

அறுவைத்திறனையும் நோயாளியின் மொழியையும் ஒருங்கே கற்பித்த முன்னோடி ஒருவர் தமிழுலகில் உண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1822இல் பிறந்து, 1847இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் அவர். மறுஆண்டே மானிப்பாயில் மாணவர்க்கு மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். தொடக்கத்தில் பயிற்றுமொழி ஆங்கிலம். பயின்றவர் பலர் அரசுப் பணி தேடி வெளியிடங்களுக்குச் சென்றனர். சிற்றூர்கள் மருத்துவரின்றியே இருந்தன. தமிழில் பயின்றவர் தமிழ் பேசும் ஊர்களில் தங்குவர் என்று தெளிந்த கிறீன், 1864 முதல் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார்.

கற்பிக்க நூல் வேண்டுமே! மாணவரும் உடனுழைக்க, அக்காலத்து ஆங்கில மருத்துவ நூல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தமிழில் பெயர்க்கப்பட்டன. அறுவை மருத்துவத்துக்கு ‘இரணவைத்தியம்’ 1867இல் வெளிவந்தது. கிரேயின் புகழ்பெற்ற உடற்கூற்று நூல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என்னும் பெயரில் 1872இல் வெளிவந்தது. கலைச்சொற் பட்டியல்களும் தொகுக்கப்பட்டன. தமிழில் சொல் இருப்பின் அதுவே, இல்லையேல் வடமொழி, அதுவும் பொருந்தாவிடின் ஆங்கிலச் சொல்லைத் தமிழொலிக்கு ஏற்ப எழுதுதல் என்பது அவர் கொண்ட நெறி. 1873இல் தாயகம் திரும்பிய அவர் 1884இல் மறைந்தார். மானிப்பாய் மருத்துவமனை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அச்சொற்களுள் பல இன்று வழக்கில் இல்லை. ‘இரணவைத்தியம்’ என்றால் புண்ணுக்கு மருந்திடுவது என்றே இன்றைய வாசகர் கொள்வர். ஈழத்தில் வழங்கும் ‘சத்திரசிகிச்சை’ என்னும் சொல்லைத் தமிழ்நாட்டார் கேட்டால், வழிப்போக்கர் தங்கும் சத்திரம் நினைவுக்கு வரும். அது கருவியைக் குறிக்கும் சொல் என்பது தோன்றாது. சொற்கள் மாறும், அது இயல்பு. மாறாதது கிறீன் கண்ட உண்மை: மருத்துவன் எந்த மொழியில் கற்கிறான் என்பது, அவன் யாருக்கு மருத்துவனாகிறான் என்பதை ஓரளவு முடிவு செய்கிறது.

இன்றைய நிலை

சொல்திறனைக் கற்பிக்க இயலும் என்பதை மருத்துவக் கல்வி இன்று ஏற்றுக்கொண்டுவிட்டது. அமெரிக்காவில் 1963இல் ஓவர்டு பாரோசு என்னும் நரம்பியல் மருத்துவர், நலமுடைய ஒருவரை நோயாளியாக நடிக்கப் பயிற்றுவித்து, மாணவரைச் சோதித்தார். அது இன்று உலகம் தழுவிய முறை. துயரச் செய்தியைச் சொல்வதற்கும் ஆறு படிகள் கொண்ட முறை ஒன்று 2000இல் வெளியாயிற்று: தக்க இடம் அமைத்தல், நோயாளி அறிந்திருப்பதை முதலில் கேட்டல், எவ்வளவு அறிய விரும்புகிறார் எனக் கேட்டல், எளிய சொல்லில் சிறிது சிறிதாகச் சொல்லல், எழும் உணர்ச்சிக்கு இடமளித்தல், மேற்கொண்டு செய்வதைத் தொகுத்துரைத்தல். ஆறில் இரண்டு படிகள் கேட்பதற்கே உரியன என்பது கருதத்தக்கது.

இந்தியாவிலும் மனப்பாங்கு, அறநெறி, உரையாடல் ஆகியவற்றுக்கான தனிப்பாடம் 2018இல் வகுக்கப்பட்டு, 2019 முதல் இளநிலை மருத்துவப் படிப்பில் இடம்பெற்றது. ஏட்டில் இடம்பெற்றது நாவில் இடம்பெற ஆசிரியர் வேண்டும், நேரம் வேண்டும். ஒரு புறநோயாளர் பிரிவில் வரிசை வாசலைத் தாண்டி நீளும்போது, சில நிமிடங்களில் ஒருவரைப் பார்த்தாக வேண்டிய இளைஞரிடம் ஆறு படிகளைப் பற்றிப் பேசுவது எளிதன்று. அக்குறையை அவர் தலையில் மட்டும் ஏற்றுவது நேர்மையும் அன்று.

மொழிச்சிக்கலும் இருவழிப்பட்டது. அரசு மருத்துவக் கல்லூரிகளின் பட்டமேற்படிப்பு இடங்களுட் பாதி அனைத்திந்திய ஒதுக்கீட்டுக்கு உரியவை. தமிழறியாத இளமருத்துவர் சென்னையில் தமிழ் நோயாளியைப் பார்க்கிறார். தாம்பரம், பல்லாவரம் பகுதிகளில் கட்டட வேலைக்கு வந்த ஒடியத் தொழிலாளியும் பீகார்த் தொழிலாளியும் தமிழ் மருத்துவரின் முன் நிற்கின்றனர். தமிழர் தமக்குக் கேட்கும் உரிமையை அவர்களுக்கும் அளித்தாக வேண்டும். வலிக்குத் தாய்மொழி உண்டு.

ஒரு மறுப்பும் அதற்கு விடையும்

“அறுக்கும்போது கை நடுங்காதவர் போதும், இனிக்கப் பேசுபவர் எதற்கு?” என்று கேட்போர் உண்டு. அதில் உண்மையும் உண்டு. இன்சொல்லால் குருதிப்பெருக்கு நிற்காது. கைத்திறன் இல்லாதவரின் இனிய பேச்சு, இல்லாதவரின் கடுமொழியைக் காட்டிலும் தீங்கானது, நம்பவைத்துக் கெடுக்கும். ஆகவே சொல்திறன் கைத்திறனுக்கு மாற்று ஆகாது. ஆயினும் இவ்வுரையில் கண்ட எடுத்துக்காட்டுகளைத் திரும்ப எண்ணுக. வெறுவயிறு, ஒப்புதல், எந்தப் பக்கம், பஞ்சின் எண்ணிக்கை, எழுந்து நடத்தல் ஆகிய இவற்றுள் எதுவும் இனிமை பற்றியது அன்று. அனைத்தும் தெளிவு பற்றியவை. மருத்துவர்க்கு வேண்டுவது அலங்காரம் அன்று, துல்லியம்.

துல்லியம் கவிஞரின் தொழில். இங்கேதான் இவ்வட்டத்துக்கு ஒரு வேண்டுகோள். ஒப்புதல் படிவங்களின் தமிழைப் படித்துப் பார்த்தவர் அறிவர்: ஆங்கிலத்திலிருந்து சொல்லுக்குச் சொல் பெயர்த்த, மூச்சுமுட்டும் தொடர்கள். அவற்றை மருத்துவரோடு அமர்ந்து, படிக்காத பாட்டிக்கும் விளங்கும் தமிழில் எழுதித்தருவது பத்தாண்டு நிறைந்த ஓர் இலக்கிய வட்டத்தின் ஆற்றலுக்கு உட்பட்டது. வலியைக் குறிக்கும் வட்டார வழக்குச் சொற்களைத் தொகுத்து இளமருத்துவர்க்கு ஒரு கையேடு ஆக்கலாம். மேடைநாடகம் பழகிய உறுப்பினர், மாணவர்முன் நோயாளியாக நடித்து, அவர்தம் சொல் எங்கே தைத்தது, எங்கே ஆறுதல் தந்தது என எடுத்துரைக்கலாம். மூன்றுக்கும் பெரும்பொருள் வேண்டா. ஞாயிற்றுக்கிழமைகள் சில போதும்.

வள்ளுவர் மருந்தென்னும் அதிகாரத்தில், நோயுற்றவர், மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுவோர் என நால்வகையையும் ஒன்றாக எண்ணினார். அந்நான்கையும் இணைப்பது பேச்சு. மருத்துவர் அறுத்தாலும் சுட்டாலும் நோயாளி அவரிடம் அன்பு நீங்குவதில்லை என்பதைக் குலசேகர ஆழ்வார் இறையன்புக்கு உவமையாக்கினார். அவ்வுவமை இன்றும் பொருந்த வேண்டுமாயின், ஏன் அறுக்கிறார் என்பதை நோயாளி அறிந்திருக்க வேண்டும்.

கிடந்த மூதாட்டியின் அருகே ஓர் இளமருத்துவர் குனிகிறார். “பாட்டி, தையல் பிரியாது. நான் பிடித்துக்கொள்கிறேன். மெல்ல எழுந்திருங்கள்” என்கிறார். அவள் எழுகிறாள், உட்கார்கிறாள், நிற்கிறாள், ஓரடி எடுத்து வைக்கிறாள். அந்த ஓரடிக்குள் அறுவைக் கல்வியின் இரு பாதிகளும் அடங்கியிருக்கின்றன.